பாதுகாவலர்களை வீட்டுக்கு அனுப்பிய பிரதமர்! - ஒலோஃப் பால்மேயின் கதை

1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கடும் குளிர். இனி இன்று நீங்கள் தேவையில்லை என்று பிரதமர் ஒலோஃப் பால்மே தன் பாதுகாவலர்களைப் பகலிலேயே அனுப்பிவிட்டார்.

மாலையில் மனைவி லிஸ்பெத்துடன் சினிமாவுக்குப் போகலாம் என்று முடிவானது. பழைய நகரப் பகுதியில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய இருவரும் மெட்ரோ ரயிலில் ஏறி, கிராண்ட் தியேட்டருக்குப் போனார்கள். மகன் மோர்ட்டனும் அவருடைய தோழியும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். டிக்கெட்டுகள் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்ட நேரம். கவுன்ட்டரில் இருந்தவர் பிரதமரை அடையாளம் கண்டுகொண்டு, தியேட்டர் இயக்குநருக்கு ஒதுக்கியிருந்த இருக்கைகளைக் கொடுத்தார்.

படம் முடிந்தது. வாசலில் நின்று கொஞ்சநேரம் பேசிவிட்டு மகன் ஒரு பக்கம் கிளம்ப, கணவனும் மனைவியும் ஸ்வேயாவேகன் என்ற பெரிய சாலை வழியாக வீட்டை நோக்கி நடந்தார்கள். இரவு மணி 11.21. ஒரு தெருமுனையில் பின்னால் வந்த ஒருவன், மிக நெருக்கத்தில் நின்று பால்மேயின் முதுகில் சுட்டான். இரண்டாவது குண்டு லிஸ்பெத்தை உரசிக்கொண்டு போனது. சுட்டவன் பக்கத்துத் தெருவின் படிக்கட்டுகளில் ஏறி மறைந்தான். நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில், பால்மே இறந்துவிட்டதாக மருத்துவமனை அறிவித்தது. அவருக்கு வயது 59.

ஒரு நாட்டின் பிரதமர் இரவு நேரத்தில் ஏன் இப்படிக் காவல் இல்லாமல் நடந்துபோனார்?

லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றிய பணக்காரப் பையன்

பால்மே 1927-ல் ஸ்டாக்ஹோமில் மிக வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை நடத்தியவர். சிறுவயதிலேயே அப்பாவை இழந்த பால்மே, உறைவிடப் பள்ளியில் படித்தார். அந்தக் காலத்துப் பணக்காரப் பிள்ளைகள் போலவே அவரும் வலதுசாரியாக வளர்ந்திருக்க வேண்டும்.

அவரை மாற்றியவை மூன்று அனுபவங்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். முதலாவது, 1947-ல் கேட்ட ஒரு வரி விவாதம். அதில் சமூக ஜனநாயகக் கட்சியின் நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ் வைத்த வாதங்கள் அவரைக் கட்டிப்போட்டன. இரண்டாவது, அமெரிக்கா. ஒஹையோ மாநிலத்தில் கென்யன் கல்லூரியில் பட்டம் முடித்த பிறகு, போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களைச் சுற்றினார். செல்வம் கொழிக்கும் நாட்டில் ஏழைகளின் நிலையையும், கறுப்பின மக்கள் நடத்தப்பட்ட விதத்தையும் நேரில் பார்த்தார். மூன்றாவது, 1953-ல் இந்தியா, இலங்கை, பர்மா, இந்தோனேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் செய்த பயணம். காலனி ஆட்சி விட்டுச்சென்ற வறுமை என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

அதே ஆண்டில் பிரதமர் தாகே எர்லாண்டரின் உதவியாளராகச் சேர்ந்தார். 23 ஆண்டுகள் பிரதமராக இருந்த எர்லாண்டர், 1969-ல் பதவி விலகியபோது அந்த நாற்காலி பால்மேக்கு வந்தது. அப்போது அவருக்கு 42 வயது.

அப்பாவுக்கும் லீவு

1970-ல் வாஷிங்டனில் பெண்கள் கூட்டம் ஒன்றில் பேசிய பால்மே எடுத்துக்கொண்ட தலைப்பு, ஆண்களின் விடுதலை. சம்பாதிப்பது மட்டுமே தன் வேலை என்று நினைக்கும் ஆண், பிள்ளைகளோடு வாழும் வாழ்க்கையை இழக்கிறான் என்பது அவருடைய கட்சி.

பேச்சோடு நிற்கவில்லை. 1971-ல் கணவன், மனைவி வருமானத்துக்குத் தனித்தனியாக வரி போடும் முறை வந்தது. 1974-ல் பிரசவ விடுப்பு, பெற்றோர் விடுப்பாக மாறியது. ஆறு மாத விடுப்பை அம்மா, அப்பா இருவரும் பங்குபோட்டுக்கொள்ளலாம், சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். அப்பாவுக்கும் இந்த உரிமையைக் கொடுத்த முதல் நாடு ஸ்வீடன்தான். குழந்தைக் காப்பகங்களும் ஊர் ஊராகப் பெருகின.

இவ்வளவுக்கும் பணம் வரியிலிருந்துதானே வரவேண்டும்? 1976-ல் சிறுவர் கதை எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், தன் வருமானத்துக்கு 102 சதவிகிதம் வரி வருவதைக் கிண்டலடித்துப் பத்திரிகையில் ஒரு கதையே எழுதினார். ஊரே சிரித்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் பால்மே தோற்றார். 44 ஆண்டுகளாக ஸ்வீடனை ஆண்ட கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. 1982-ல்தான் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்.

உண்டியல் குலுக்கிய பிரதமர்

வெளிநாட்டு விவகாரங்களில் அவர் யாருக்கும் வாயடைத்துப் போனதில்லை. 1968-ல் கல்வி அமைச்சராக இருந்தபோதே, வியட்நாம் போருக்கு எதிராக வட வியட்நாம் தூதருடன் தோளோடு தோள் சேர்ந்து ஊர்வலம் போனார். 1972 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹனோய் மீது அமெரிக்கா குண்டு வீசியபோது, அதை நாஜிக் கொடுமைகளின் வரிசையில் வைத்துப் பேசினார். அமெரிக்கா ஓராண்டுக்கு மேல் ஸ்டாக்ஹோமுக்குத் தூதரையே அனுப்பவில்லை. செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்த சோவியத் படைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1975-ல் ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவை எதிர்ப்பவர்களுக்காக, பிரதமரே ஸ்டாக்ஹோம் தெருவில் நின்று உண்டியல் குலுக்கினார்.

அணு ஆயுதங்களுக்கு எதிராக ஆறு நாடுகள் சேர்ந்து எடுத்த முயற்சியில், இந்திரா காந்தியோடும் பிறகு ராஜீவ் காந்தியோடும் கைகோத்தார். ஆனால், அதே ராஜீவிடம் ஸ்வீடனின் போஃபர்ஸ் பீரங்கிகளை வாங்கும்படி பேசியவரும் அவர்தான். அமைதியைப் பேசிய பிரதமருக்கு, ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் நாட்டுத் தொழிலாளிகளின் பிழைப்பும் முக்கியமாக இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1986 மார்ச்சில். லஞ்சப் புகாரை ஸ்வீடன் வானொலி வெளியிட்டது 1987-ல். பதில் சொல்ல பால்மே உயிரோடு இல்லை.

இன்னும் தெரியாத பதில்

உள்நாட்டில் அவரைக் கொண்டாடியவர்கள் அளவுக்கு வெறுத்தவர்களும் இருந்தார்கள். தன் வர்க்கத்துக்கே துரோகம் செய்தவர் என்று பணக்காரர்கள் பொருமினார்கள். அப்படியும் அவர் காவலர்கள் புடைசூழ வாழ மறுத்தார். குடிமக்கள் எல்லோரும் சமம் என்று சொல்லும் ஒருவர், அதே குடிமக்களைப் பார்த்துப் பயந்து வாழ முடியுமா?

கொலை வழக்கில் 1989-ல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லிஸ்பெத் அவரை அடையாளம் காட்டியிருந்தார். ஆனால், சில மாதங்களில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். துப்பாக்கி கிடைக்கவே இல்லை. 2020-ல் அரசு வழக்கறிஞர், ஏற்கெனவே இறந்துபோன வேறொருவரைச் சந்தேகிப்பதாக அறிவித்து விசாரணையை முடித்தார். எந்த நீதிமன்றமும் அதை உறுதி செய்யவில்லை.

2003-ல் அதே கட்சியைச் சேர்ந்த வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட், காவல் இல்லாமல் ஸ்டாக்ஹோம் கடை ஒன்றில் துணி வாங்கப் போனார். அங்கே கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். 17 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாட்டின் தலைவர்கள் பால்மேயைப் போலவே வாழ ஆசைப்பட்டார்கள். அதற்கான விலையையும் இரண்டாவது முறை கொடுத்தார்கள்.

பால்மே சுடப்பட்ட இடத்தில் கோபுரமோ சிலையோ இல்லை. நடைபாதையில் பதித்த ஒரு சிறிய உலோகத் தகடு மட்டும்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்து நடக்கிறார்கள். அவரும் அன்று வீட்டுக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்.