சிதம்பரத்தைப் பாடியே சூப்பர் ஹிட் ஆனவர்: இதெல்லாம் தெரியுமா?

இங்கிலாந்தின் எட் ஷீரன் தெருவோரம் கிடார் வாசித்து, தெரிந்தவர் வீட்டு சோபாவில் தூங்கி, கடைசியில் ஸ்டேடியங்களை நிரப்பினார் என்று வாய் பிளக்கிறோம். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் அதே வித்தையை 19ஆம் நூற்றாண்டிலேயே காவிரிக் கரையில் ஒருவர் செய்து காட்டிவிட்டார். மைக் இல்லை, ரேடியோ இல்லை! அவர்தான், சிதம்பரம் போகத் தவித்த ஒடுக்கப்பட்ட உழவர் நந்தனாரின் கதையை ‘நந்தனார் சரித்திரம்’ என்று பாடித் தந்த கோபாலகிருஷ்ண பாரதி.

சொந்த வீடே கிடையாது, தெரியுமா?
நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோர் போய்விட்டார்கள். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் அன்பர் வீட்டில் வாசம். ஊர் ஊராகக் கதாகாலட்சேபம். கர்நாடக சங்கீதம் போதாதென்று இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார்!

ஒரே ராத்திரியில் ஒரு கீர்த்தனை!
திருவையாற்றில் தியாகராஜரைப் பார்க்கப் போனார். சீடர்கள் ஆபோகி பாடிக்கொண்டிருந்தார்கள். “இந்த ராகத்தில் ஏதாவது செய்திருக்கிறீர்களா?” என்று தியாகராஜர் கேட்க, பாரதி பதில் பேசவில்லையாம். மறுநாள் தயாராக வந்து பாடியதுதான் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கும் ‘சபாபதிக்கு’!

அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லவே இல்லை!
நந்தனாரை சிதம்பரம் போகவிடாமல் தடுக்கும் பண்ணையார் வேதியர், 40 வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிற நிபந்தனை, ஒரே இரவில் நடக்கும் அதிசய அறுவடை: எல்லாமே பாரதியின் கைவண்ணம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இவற்றைச் சொல்லவே இல்லை. 40 வேலி என்றால் சுமார் 265 ஏக்கர்! ஆனால் இன்று யாரிடம் நந்தனார் கதை கேட்டாலும் வேதியர் வராமல் கதை நகராது. பாட்டு அப்படிப் பதிந்துவிட்டது.

மகாவித்வானே முதலில் மறுத்தார்!
‘நந்தனார் சரித்திரம்’ புத்தகத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதி. இலக்கணப் பிழைகள் மலிந்த பாட்டு, மூலத்தை விட்டு விலகிய கதை என்று பிள்ளை பிடிகொடுக்கவில்லை. பாரதி விடுவாரா? திரும்பத் திரும்ப நடந்தார். ஒருநாள் பிள்ளை ஓய்வாக இருந்தபோது வெளியே உட்கார்ந்து தன் பாட்டையே உருகிப் பாட, மகாவித்வான் மனம் கரைந்து எழுதிக் கொடுத்துவிட்டார். 1860களின் தொடக்கத்தில் நூல் அச்சேற உதவியவர் யார் தெரியுமா? காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி!

உ.வே.சா.வின் பாட்டு வாத்தியார்!
மாயவரத்தில் அதே மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க வந்த இளைஞர் சாமிநாதன், பாரதியிடம் சங்கீதமும் கற்றார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பாட்டை விட்டுவிட்டார். தமிழுக்கு ஒரு தாத்தா கிடைத்தார். சங்கீதம் ஒரு வித்வானை இழந்தது! அதே உ.வே.சா. பின்னாளில் பாரதியின் வாழ்க்கை வரலாற்றையே எழுதினார்.

சுதந்திரப் போரிலும் இந்த மெட்டு!
மகாகவி சுப்பிரமணிய பாரதி தம் தேசியப் பாடல்களில் சிலவற்றுக்கு எடுத்துக்கொண்டது நந்தனார் சரித்திர மெட்டுகளை. ஊருக்கே தெரிந்த மெட்டு என்றால் பாட்டு தானாகப் பரவும் அல்லவா?

ஒரு லட்சம் ரூபாய் நந்தனார்!
1935ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் ஒரு பெண்: கே.பி.சுந்தராம்பாள்! அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942ல் ஜெமினியின் ‘நந்தனார்’ ஆனவர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். திரையில் சிதம்பரம் போகத் தவித்த அவர், பிற்பாடு நிஜமாகவே சிதம்பரம் வந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக அமர்ந்தார்!

பாட்டு நின்ற இடத்தில் பள்ளிக்கூடம்!
நந்தனார் பிறந்த ஆதனூர், இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் என்பார்கள். அவர் தீயில் இறங்கிய இடமாக சிதம்பரத்தில் காட்டுவது ஓமக்குளம். பாட்டிலும் புராணத்திலும் ஒடுக்கப்பட்ட உழவன் கோயிலுக்குள் போக நெருப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. அதே சிதம்பரத்தில் 1916ல் சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் நந்தனார். நெருப்பு வேண்டாம், சிலேட்டு போதும் என்றாகிவிட்டது!