அசையும் பக்கங்களும் சில தவறான எண்ணங்களும்

புதியதொரு கருவி தோன்றும்போது அதனை அளவுக்கு மீறிப் புகழ்வதும், அது மறையும்போது அளவுக்கு மீறிப் பழிப்பதும் உலக இயல்பு. புகழும் காலத்தில் அதன் குறைகள் கண்ணிற் படுவதில்லை. பழிக்கும் காலத்தில் அதன் நிறைகள் நினைவிற்கு வருவதில்லை. இவ்வாறு இருமுறை தவறாக மதிப்பிடப்பெற்ற கருவிகளுள் ஒன்று, இணையப் பக்கங்களில் படங்களை அசைய வைத்த 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருள். அதனைப் பற்றி மக்களிடையே பரவிய சில எண்ணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்று ஆராய்வோம். மறைந்துபோன ஒரு கருவியைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும் என்று மாணவர்கள் வினவலாம். கருவி மறைந்தது, அதனைக் கையாண்டவர்கள் செய்த பிழைகள் மறையவில்லை. அவை வேறு கருவிகளின் துணையோடு இன்றும் வாழ்கின்றன.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜானதன் கே என்பவரும் அவருடைய நண்பர்களும் 'ஃபியூச்சர்வேவ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். எழுதுகோல் கொண்டு கணிப்பொறித் திரையின்மேல் வரைவதற்குரிய மென்பொருளை ஆக்குவதே அவர்கள் நோக்கம். அத்தகைய கணிப்பொறிகள் அன்று சந்தையில் நிலைபெறவில்லை. அதே காலத்தில் இணையம் வளரலாயிற்று. ஆகவே அவர்கள் தங்கள் வரைகருவியோடு அசைவையும் சேர்த்து, 1996-இல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்' என்ற பெயரில் வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் மாக்ரோமீடியா நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிப் பெயரைச் சுருக்கி 'ஃபிளாஷ்' என்று வழங்கியது. 2005-இல் அந்நிறுவனத்தையே அடோபி வாங்கியது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி ஃபிளாஷுக்குத் தந்துவந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் அது வாழ்ந்தது எனலாம்.

அசைவு எவ்வாறு உண்டாகிறது? சிறிது சிறிதாக மாறுபட்ட படங்களை விரைவாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், நம் கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து ஓர் இயக்கமாக உணர்கின்றன. திரைப்படத்திற்கும் இதுவே அடிப்படை. கேலிச்சித்திரப் படங்களில் தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர் பலர் வரைவர். ஃபிளாஷில் அவ்வுதவியாளர்களின் வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. ஒரு பந்தின் தொடக்க இடத்தையும் முடிவிடத்தையும் குறித்துவிட்டால், இடையில் உள்ள நிலைகளை அதுவே கணக்கிட்டு வரைந்துவிடும். பெரிய படக்கூடங்களின் உதவியின்றி, தனி ஒருவர் தம் இல்லத்திலிருந்தே ஒரு சித்திரக் கதையை ஆக்கி உலகுக்குக் காட்ட இயன்றது இதனாலேயே.

இனி எண்ணங்களுக்கு வருவோம்.

'ஃபிளாஷ் கனமானது, பக்கத்தைத் தாமதமாக்கியது அதுவே' என்பது முதல் எண்ணம். உண்மையில் அக்கருவி விரும்பப்பட்டதற்குக் காரணமே அதன் இலேசான தன்மைதான். கணிப்பொறியில் ஒரு படத்தை இரு வகையாகச் சேமிக்கலாம். ஒரு வகை, படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறித்துவைப்பது. பக்கத்திற்கு 300 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் 90,000 புள்ளிகள் உள. ஒவ்வொன்றின் வண்ணத்திற்கும் மூன்று எண்கள் வேண்டுமாதலின், 2,70,000 எண்கள் தேவை. சுருக்கும் முறைகளால் இதனைக் குறைக்கலாம். மற்றொரு வகை, கோடுகளையும் வளைவுகளையும் கணிதக் குறிப்புகளாக எழுதிவைப்பது. அச்சதுரத்தினுள் உள்ளது ஒரு சிவப்பு வட்டம் என்றால், அதன் மையம், ஆரம், நிறம் ஆகியவற்றைக் கூறும் சில எண்களே போதும். ஃபிளாஷ் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அப்படியாயின் தாமதம் எங்கிருந்து வந்தது? அன்று பல வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்தது. நொடிக்கு 56 கிலோபிட் என்பது அதன் உச்ச வேகம். அதாவது நொடிக்கு 7 கிலோபைட். அந்தக் குறுகிய வாய்க்காலின் வழியே, இசையும் ஒளிப்படங்களும் திணிக்கப்பெற்ற 350 கிலோபைட் முகப்புக் காட்சியை அனுப்பினால், அது வந்து சேர 50 நொடிகள் ஆகும். ஒரு கடையின் விலாசத்தைத் தேடி வந்தவர் அவ்வளவு நேரம் வெறுந்திரையை நோக்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 'முகப்பைத் தவிர்த்து உள்ளே செல்க' என்ற பொத்தான் பல தளங்களில் தோன்றியதே, அக்காட்சியை எவரும் வேண்டவில்லை என்பதற்குச் சான்று.

'ஃபிளாஷில் உள்ள எழுத்தைத் தேடுபொறியும் படிக்காது, பார்வையற்றோரும் படிக்க இயலாது' என்பது இரண்டாம் எண்ணம். இது பாதி உண்மை. பார்வையற்றோர் கணிப்பொறியைப் பயன்படுத்தும்போது, திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள் ஒன்று துணை செய்கிறது. தொடக்கத்தில் ஃபிளாஷின் உள்ளே இருந்த எழுத்து அதற்கு எட்டவில்லை. 2002-இல் வந்த ஃபிளாஷ் பதிப்பில் அதற்குரிய வழி திறக்கப்பட்டது. 2008-இல் கூகிள் தேடுபொறியும் ஃபிளாஷ் கோப்புகளில் உள்ள எழுத்தை முன்னிலும் நன்றாகப் படிக்கத் தொடங்கியது. ஆனால் வழி திறந்திருந்தால் மட்டும் போதுமா? ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயரையும், ஒவ்வொரு படத்திற்கும் ஒரு விளக்கத்தையும் பக்கத்தை ஆக்குவோரே எழுதித் தரவேண்டும். பலர் அந்தச் சிறு உழைப்பை மேற்கொள்ளவில்லை. விளைவாக, ஒரு பகுதி மக்களுக்கு அத்தளங்களின் கதவு அடைபட்டே இருந்தது.

இதனோடு மற்றொரு குறையும் சேர்ந்தது. ஒரு தளம் முழுவதையும் ஒரே ஃபிளாஷ் கோப்பாக ஆக்கியபோது, அதன் பகுதிகளுக்குத் தனித்தனி முகவரிகள் இல்லாமற் போயின. இடையில் உள்ள ஒரு செய்தியை நண்பருக்குச் சுட்டிக்காட்ட இயலவில்லை. முந்திய பக்கத்திற்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினால், தளத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. இணையத்தின் பயன்பாட்டை ஆராய்ந்துவந்த ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் இக்குறைகளை எடுத்துக்காட்டி மிகக் கடுமையாக எழுதினார். மாக்ரோமீடியா நிறுவனம் 2002-இல் அவருடனேயே கூடி, ஃபிளாஷைப் பயனுள்ளதாகச் செய்யும் முயற்சியில் இறங்கியது. குறை கூறியவரைப் பகைக்காமல் துணையாகக் கொண்டது அறிவுடைய செயலன்றோ!

மூன்றாவது எண்ணம்: 'அசைவு கண்ணைக் கவரும், ஆதலால் அசைவு மிகுந்த பக்கமே சிறந்த பக்கம்.' இதன் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பிழை. நம் பார்வையின் ஓரத்தில் ஏதேனும் அசைந்தால் கண் தானாக அங்கே திரும்புகிறது. காட்டில் வாழ்ந்த மனிதனுக்கு இத்திறன் உயிர் காத்தது. ஆனால் ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஓயாமல் ஒரு படம் ஓரத்தில் துள்ளினால், இதே திறன் இடையூறாகிறது. நாம் ஒரு வரியை இருமுறை படிக்கிறோம். பொருள் மனத்தில் தங்குவதில்லை. ஆகவேதான் இணையத்தை யாவரும் எளிதிற் பயன்படுத்துவதற்கென வகுக்கப்பெற்ற பன்னாட்டு நெறிமுறைகள், மற்றச் செய்திகளுடன் சேர்ந்து தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் இயங்கும் காட்சியை நிறுத்தவோ மறைக்கவோ படிப்பவருக்கு வழி இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. கண்ணைக் கவர்வது எளிது. கவர்ந்த கண்ணுக்கு உரியதொன்றைத் தருவதே அரிது.

நான்காவது எண்ணம், 'அசைவு பிடிக்காவிடில் பார்க்காமல் விடலாம். அதனால் யாருக்கும் தீங்கில்லை' என்பது. இதுவே இவற்றுள் மிகவும் கேடானது. 1997 டிசம்பர் 16-ஆம் நாள், ஜப்பானில் போக்கிமான் என்னும் சித்திரத் தொடரின் ஒரு பகுதி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதில் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் சில நொடிகள் மாறி மாறி மிக விரைவாக மின்னின. அதனைக் கண்டவர்களுள் ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் சிறுவர், வலிப்பு, மயக்கம், குமட்டல் முதலியவற்றால் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அது தொலைக்காட்சியில் நேர்ந்தது. ஆனால் கண்ணுக்கும் மூளைக்கும் தொலைக்காட்சித் திரை, கணிப்பொறித் திரை என்ற வேறுபாடு இல்லை. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னலாகாது என்ற விதி இணைய நெறிமுறைகளில் இடம்பெற்றிருப்பது இத்தகைய அபாயத்தை எண்ணியே. மின்னாத அசைவும் சிலருக்குத் துன்பம் தருகிறது. உட்காதில் நம் உடலின் சமநிலையை உணர்த்தும் உறுப்பு ஒன்று உண்டு. திரை முழுதும் நகர, உடல் நகராதிருக்கும்போது, கண் ஒன்று கூற உட்காது வேறொன்று கூறுகிறது. அவ்வுறுப்பில் கோளாறு உடையவர்களுக்குத் தலைசுற்றல் உண்டாகிறது. இன்றைய கைப்பேசிகளிலும் கணிப்பொறிகளிலும் 'அசைவைக் குறைக்க' என்று ஓர் அமைப்பு உளது. பயன்படுத்துவோர் அதனைத் தேர்ந்தால், பக்கத்தின் நிரல் அதனை அறிந்து அசைவை நிறுத்திக்கொள்ள இயலும். அந்நிரலை எழுதுவதற்குச் சில வரிகளே போதும்.

ஐந்தாவது எண்ணம், 'ஆப்பிள் நிறுவனத் தலைவர் எழுதிய ஒரு கடிதமே ஃபிளாஷைக் கொன்றது' என்பது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஃபிளாஷை ஏற்க மறுத்ததற்குரிய காரணங்களைக் கூறி ஒரு கடிதம் வெளியிட்டார் என்பது மெய். ஆயினும் பெரிய மரம் ஒரே வெட்டில் சாய்வதில்லை. 2007-இல் வந்த ஐஃபோனில் தொடக்கத்திலிருந்தே ஃபிளாஷ் இல்லை. ஃபிளாஷ் சுட்டெலியையும் மேசைக் கணிப்பொறியையும் நினைத்து வளர்ந்த கருவி. விரலால் தொட்டு இயக்கும் சிறு கைப்பேசிக்கு அது நன்கு பொருந்தவில்லை. அதில் அடிக்கடி பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே நிறுவனத்தின் உடைமையாக இருந்தமையால், மற்றவர்கள் அவற்றைத் தாமே திருத்தவும் இயலவில்லை. 2011 நவம்பரில் கைப்பேசி உலாவிகளுக்கு ஃபிளாஷை மேலும் வளர்ப்பதை அடோபியே கைவிட்டது. 2014-இல் எச்.டி.எம்.எல். 5 என்னும் பொது விதிமுறை முறைப்படி அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே யூடியூப் தன் படங்களை அதன் வழியே காட்டுவதை வழக்கமாக்கியது. இவ்வாறு பல காரணங்கள் கூடியே முடிவைக் கொணர்ந்தன.

இறுதியான எண்ணம், 'ஃபிளாஷ் போய்விட்டது. ஆகவே அதன் குறைகளும் போயின' என்பது. இன்று உலாவியே அசைவை உண்டாக்குகிறது. தனிக் கருவி வேண்டுவதில்லை. ஆனால் கனமான முகப்பு, தானே ஓடும் படம், பெயரில்லாப் பொத்தான் ஆகியவற்றை இன்றைய முறையிலும் ஒருவர் தாராளமாகச் செய்யலாம். பலர் செய்தும் வருகின்றனர். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு படத்தை ஆயத்தம் செய்வதற்கு உலாவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டுமே. ஒரு பெட்டியின் அகலத்தையோ உயரத்தையோ ஒவ்வொரு முறையும் மாற்றினால், சுற்றியுள்ள எழுத்துகளின் இடத்தையெல்லாம் உலாவி மீண்டும் கணக்கிட நேர்கிறது. எளிய கைப்பேசியில் காட்சி திக்கித் திக்கி நகர்கிறது. பெட்டியை அப்படியே இடம் பெயர்த்தாலோ, அதன் ஒளிபுகும் தன்மையை மட்டும் மாற்றினாலோ, அவ்வேலை பெரிதும் மிஞ்சுகிறது. விலையுயர்ந்த கணிப்பொறியில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை அறியார்.

ஃபிளாஷின் குறைகளைக் கூறிய நாம் அதன் கொடையையும் மறத்தல் ஆகாது. எத்தனையோ இளைஞர்கள் அதன் துணையால் சித்திரக் கதைகளும் விளையாட்டுகளும் ஆக்கினர். ஆதரவு நின்றபோது அவையெல்லாம் ஒருங்கே அழியும் நிலை உண்டாயிற்று. அவற்றைக் காக்க 'ரஃபிள்' என்ற மென்பொருளைத் தன்னார்வலர் பலர் கூடி ஆக்கினர். 2020 நவம்பரில் 'இணைய ஆவணகம்' அதன் துணை கொண்டு பழைய படைப்புகளை மீண்டும் காட்டத் தொடங்கியது. ஒரே நிறுவனத்தின் பூட்டினுள் வைத்த கலைச் செல்வம், அந்நிறுவனம் கதவை மூடும் நாளில் என்னவாகும் என்பதற்கு இது தக்க பாடம்.

மாணவர்களுள் பலர் நாளை இணையப் பக்கங்களை ஆக்கப் போகிறவர்கள். ஓர் அசைவைச் சேர்க்கும் முன்னர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதனை விளக்குகிறது? மெதுவான இணைப்பு உடையவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வேண்டாதவர் இதனை நிறுத்த இயலுமா? கண் காணாதவருக்கு இதே செய்தி வேறு வழியில் எட்டுகிறதா? இதயத்தின் வால்வு திறந்து மூடுவதையும், கோள்கள் கதிரவனைச் சுற்றுவதையும் நூறு சொற்களால் விளக்குவதினும் ஓர் அசையும் படத்தால் விளக்குவது எளிது. அத்தகைய இடத்தில் அசைவு ஆசிரியரின் கைவிரல் போல நின்று வழிகாட்டும். இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கூற இயலாத அசைவை, எவ்வளவு அழகாக இருப்பினும், தயங்காது நீக்கிவிடுங்கள்.