படகுக்கு மாநகராட்சி கிடையாது

நகரும் வீடுகள் – 9

போன வாரம், போர்வெல் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும் திருச்செங்கோட்டு ஆட்களைப் பார்த்தோம். இந்த வாரம் தரையை விட்டுத் தண்ணீரில் இறங்குகிறோம்.

தீபாவளி லீவில் ஆலப்புழா போய், ஹவுஸ்போட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்த குடும்பங்கள் திருப்பூரில் நிறைய. வந்த மயக்கம் தெளியும் முன்னே டீக்கடையில் ஒரு பேச்சு எழும். “ஏனுங்ணா, நாமளே ஒரு போட்ட வாங்கிப் போட்டா என்னங்? நாலு நாளு நாம இருந்துக்கலாம், மிச்ச நாளு வாடகைக்கு உட்டுக்கலாமில்லீங்?”

நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், கரையில் இருக்கும் நம் வீடு எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பவானிப் பக்கம் காவிரியில் எடுத்த தண்ணீர் குழாயில் வருகிறது. கரண்டுக்கு மின்வாரியம் இருக்கிறது. குப்பைக்கும் சாக்கடைக்கும் மாநகராட்சி. குறை இருந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். படகு வீட்டில் இந்த வேலை அத்தனைக்கும் ஆள் நீங்கள்தான். படகின் விலை என்ன என்று கேட்கிறவர்கள் அதிகம். இந்த வேலைகளை யார் பார்ப்பது என்று கேட்பவர்கள் குறைவு. படகு வாழ்க்கை இனிப்பதும் கசப்பதும் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

நம்ம வாய்க்காலில் ஏன் இல்லை?

திருப்பூர் மாவட்டத்தில் வாய்க்காலுக்குப் பஞ்சமில்லை. பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் ஓடுகிறது. ஆனால் அது பாசனத்துக்கு வெட்டியது. ஆயக்கட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறை முடிந்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அதில் படகு விடுவதற்கு வழியே இல்லை.

தமிழ்நாட்டில் படகுக்கென்றே வெட்டியது பக்கிங்காம் கால்வாய். 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், கூலி கொடுப்பதற்காகவே கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். விறகும் உப்பும் அதில் வந்தன. 1965, 66 புயல்களில் அடிபட்ட பிறகு அந்தப் போக்குவரத்து மீளவில்லை. சென்னைக்குள் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

ஆகவே படகில் குடியிருப்பதைப் பற்றிப் பேசினால் இரண்டு இடங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆலப்புழாவைச் சுற்றி இருக்கிற குட்டநாடு. இன்னொன்று, நம் பனியன் தொழிலுக்கு மூத்த தாயாதியான மான்செஸ்டர் பக்கத்து இங்கிலாந்து.

இரண்டு படகுகள்

குட்டநாட்டின் கெட்டுவள்ளம் முன்பு நெல் ஏற்றிப் போன சரக்குப் படகு. அஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவார்கள். பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். லாரியும் பாலமும் வந்ததும் அதற்கு வேலை போயிற்று. 1990-களில் மேலே மூங்கிலும் பனம்புப் பாயும் வைத்துக் கூரை போட்டு, உள்ளே கட்டிலும் கழிவறையும் வைத்ததும் அதே வள்ளம் ஹவுஸ்போட் ஆனது. இப்போது இரும்பு அடிப்பாகத்தில் கட்டுவதும் உண்டு.

இங்கிலாந்துப் படகை ‘நேரோபோட்’ என்பார்கள். 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுவந்த பிறகு, நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். படகை ஏற்றி இறக்கும் மடைப்பூட்டு (லாக்) பல கால்வாய்களில் ஏழடி அகலம்தான். அதனால் படகும் ஏழடிக்கு உள்ளே, நீளம் மட்டும் எழுபதடி. ரயில் வந்து கூலி குறைந்ததும், கரையில் வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் குடும்பத்தோடு படகிலேயே குடியேறினார்கள். பின்பக்க அறை பத்தடி நீளம். நம் லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையை விடச் சிறிது. அதில்தான் சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம். இன்று அதே கால்வாய்களில் விரும்பிக் குடியிருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சொந்தமாகப் படகுத்துறை இல்லாதவர்கள் பதினான்கு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

மரமோ இரும்போ, இரண்டு ஊர்க்காரர்களும் பராமரிப்பில் கற்ற பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் அடிப்பாகம்

சுற்றுலாப் பயணி கூரையைப் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுப்பார். வாங்குகிறவர் அடியைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும்போது அது தெரியாது. டாக்கில் ஏற்றித்தான் பார்க்க முடியும். டாக்கில் ஏற்றிக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் விலை பேசவே வேண்டாம்.

மரப் படகென்றால் தையல் கயிறு, நார், எண்ணெய்ப் பூச்சு மூன்றையும் பார்க்க வேண்டும். உப்பு நீரில் கப்பல் புழு என்றொரு பிராணி உண்டு. மேலே ஊசித் துளையளவுதான் தெரியும். உள்ளே பலகையைக் குடைந்து சுரங்கமாக்கியிருக்கும். நல்ல தண்ணீரில் அது பிழைக்காது. குட்டநாட்டில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை, நெல்லைக் காக்க டிசம்பர் வாக்கில் மூடுவார்கள். கோடையில் அணைக்கு வடக்கே உப்பு, தெற்கே நல்ல தண்ணீர். உங்கள் படகு அந்த மாதங்களில் எந்தப் பக்கம் கட்டிக் கிடக்கிறது என்பது அதன் ஆயுளைத் தொடும்.

இரும்பென்றால் எதிரி துரு. இங்கிலாந்தில் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, பாசியைச் சுரண்டி, தார்ப்பூச்சு கொடுக்கிறார்கள். கூடவே அடியில் வேறொரு உலோகக் கட்டியைப் பொருத்துவார்கள். அரிப்பு முதலில் அந்தக் கட்டியைத் தின்னும், படகு தப்பும். நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம், உப்பு நீருக்குத் துத்தநாகம், இரண்டும் கலந்த காயல் நீருக்கு அலுமினியம் பொருந்தும். புதுப் படகின் அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், பக்கம் 6. மீயொலிக் கருவி வைத்து அளந்து, 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார்.

இனி தினசரி வேலை. பலகையைத் தூக்கி, படகின் அடிக்குழியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காலையில் பார்க்க வேண்டும். நேற்றைவிட ஏறியிருந்தால் காரணம் தெரியும் வரை கிளம்பக் கூடாது. புரொப்பெல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவது பல படகுகளில் இயல்பு. சொட்டு ஒழுக்கானால் கிரீஸ் வைக்க வேண்டும், அல்லது பேக்கிங்கை மாற்ற வேண்டும். தண்ணீரை இறைக்கத்தான் தானியங்கிப் பம்ப் இருக்கிறதே என்று நம்பிக் கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்களின் படகு மூழ்கியதுண்டு. பேட்டரி செத்தால் பம்பும் செத்துவிடும்.

குட்டநாட்டில் ஆகாயத்தாமரை புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் கையை விட வேண்டும்.

வருவதும் போவதும்

நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசாங்கக் கணக்கு. நாலு பேருக்கு 540 லிட்டர். நேரோபோட்டின் மொத்தத் தொட்டியே பெரும்பாலும் அந்த அளவுதான். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டுகிறார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து குடம் குடமாகப் பிடித்து வைத்த திருப்பூர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஷவர் கூடாது, பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும், குடிநீருக்குத் தனிக் கேன் வேண்டும்.

கழிவறைதான் பரீட்சை. நேரோபோட்டில் சுமார் 20 லிட்டர் பிடிக்கும் கழற்றுப் பெட்டி இருக்கும். நிறைந்ததும் கையில் தூக்கிப்போய் அதற்கான இடத்தில் கொட்ட வேண்டும். அல்லது பெரிய தொட்டி. காசு கொடுத்து உறிஞ்சச் சொல்ல வேண்டும். ஹவுஸ்போட்டிலும் கழிவுத் தொட்டி கட்டாயம். சட்டம் இருந்தும் வேம்பநாட்டுக் காயல் கெட்டது. வேம்பநாடு, அஷ்டமுடி காயல்களின் மாசைத் தடுக்கவில்லை என்று 2023-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இதைப் படித்து மலையாளிகளை நாம் குறை சொல்ல முடியாது. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டால் அது ‘வெளியே’ போய்விடும் என்று நம்பித்தான் நாமும் தொழில் செய்தோம். அது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, கீழே இருந்த தோட்டங்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு ஊர் முழுதாக இறங்கியது. படகில் இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். நீங்கள் கொட்டியதன் மேலேயே நீங்கள் மிதந்துகொண்டிருப்பீர்கள்.

கரண்டுக் கணக்கு

12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் அடங்கியிருப்பது 1.2 யூனிட். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 0.6 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. அதை அரை மணி நேரத்துக்குள் குடித்துவிடும். ஹவுஸ்போட்டுகளில் ராத்திரி மட்டும் ஏ.சி. போடுவதன் காரணம் இதுதான். அதற்கும் ஜெனரேட்டரோ கரைக் கரண்டோ வேண்டும். விளக்கு, விசிறி, போன் என்று ஆசையைச் சுருக்கிக்கொண்டால் கூரை மேல் சோலார் போதும். வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற 75 பேர் போகும் படகே சூரிய ஒளியில் ஓடுகிறது.

கரைக் கரண்டில் ஒரு சூது உண்டு. பக்கத்துப் பக்கத்து இரும்புப் படகுகள் ஒரே எர்த் கம்பியில் இணையும்போது, தண்ணீரும் சேர்ந்து எல்லாமே ஒரு பெரிய பேட்டரி ஆகிவிடும். அந்த மின்னோட்டம் உங்கள் தகட்டை அரிக்கும். எர்த் கம்பியில் கால்வானிக் ஐசோலேட்டர் வைத்தால் அது நிற்கும்.

மூக்கு, காது, கால்

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கில் கொஞ்சமாவது வெளியேற வழி உண்டு. படகில் அடிக்குழியில் இறங்கித் தங்கும். ஒரு பொறி போதும். சிலிண்டர் வெளியே, அடியில் ஓட்டை உள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் புகையிலும் அடுப்புப் புகையிலும் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. மூக்கை நம்பாமல் அலாரம் வையுங்கள். இங்கிலாந்தில் 2019 முதல் படகுக்கு அது கட்டாயம்.

காலில் புண் இருந்தால் காயலில் இறங்காதீர்கள். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சல் குட்டநாட்டில் பழைய எதிரி. இங்கிலாந்துக் கால்வாய்க்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் டாக்டரிடம் ‘தண்ணீரில் இருந்தேன்’ என்பதை முதலில் சொல்லுங்கள்.

எடையையும் கவனிக்க வேண்டும். நேரோபோட்டின் தரைக்கடியில் கல் அடுக்கிப் பாரம் வைப்பார்கள். பாரம் கீழே இருந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். ஹவுஸ்போட்டுக்கு மாடி கட்டினால் பாரம் மேலே ஏறுகிறது. வரைபடத்துக்கு அனுமதி வாங்காமல் கட்டிய மாடி, வருமானமாகத் தெரிந்தாலும் ஆபத்துதான். 2023 மே மாதம் கேரளத்துத் தானூரில் 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது. உரிமமில்லை, அளவுக்கு மேல் ஆட்கள். ஆகவே பதிவு எண், சர்வே சான்று, இன்சூரன்ஸ், படகை ஓட்டும் ஸ்ராங்கு, உதவியாளான லாஸ்கர் ஆகியோரின் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஏறும் முன் கேளுங்கள். ஒரு ராத்திரி வாடகைக்கு எடுப்பவரும் கேட்கலாம்.

வாங்கலாமா?

ஆனி, ஆடி மழையில் சுற்றுலா படுத்துவிடும். அந்த மாதங்களிலும் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. டாக்கில் ஏற்றும் செலவும் அப்போதுதான் வரும். ஆர்டர் இல்லாத சீசனில் டெய்லர்களைக் கலைக்காமல் வைத்திருந்த கம்பெனிக்காரருக்கு இந்த வலி தெரியும்.

ஆசை விடவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். தீபாவளியில் போகாமல் ஆடியில் போங்கள். மூன்று ராத்திரி தங்குங்கள். ஸ்ராங்கோடு சேர்ந்து காலையில் அடிக்குழியைப் பாருங்கள், தொட்டியை அளங்கள், கழிவு எங்கே போகிறது என்று கேட்டு அந்த இடம் வரை போய்ப் பாருங்கள். மூன்றாம் நாளும் அந்தப் பலகையைத் தூக்க அலுப்பில்லை என்றால் நீங்கள் படகுக்காரர். டாக்குக்குப் போய் விலை பேசலாம். முதல் நாளே “அதையெல்லாம் ஆள் வெச்சுப் பாத்துக்கலாமுங்” என்று தோன்றினால், வருடத்துக்கு நாலு நாள் வாடகை கொடுத்துவிட்டு வருவதுதான் லாபம். முதலாளி ஊரில் இருக்க, ஆள் வைத்து நடத்தும் பட்டறை எப்படிப் போகும் என்று திருப்பூருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: ஆட்டுக் கிடையோடு காடு காடாக நகரும் குடும்பங்கள்.

(தொடரும்)