தந்தை பெயரும் ஊர்ப்பேச்சும்

ஒட்டுக்கடையில் காப்பி ஆறுவதற்குள் ஒரு பிள்ளை யாருடைய சாயல் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். அத்தகைய பேச்சு ஒன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 200 ஆண்டுகள் நீடித்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

1802ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரின் ‘ரெக்கார்டர்’ பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. அப்போதைய அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு அவருடைய அடிமைப் பெண் சேலியிடம் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன என்பது செய்தி. எழுதியவர் ஜேம்ஸ் கேலண்டர். முன்பு ஜெஃபர்சனின் ஆதரவாளர். அஞ்சல் அதிகாரி பதவி கேட்டுக் கிடைக்காததால் பகையானவர். சேலியின் மீது அவருக்கு இரக்கம் இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். நிறத்தைச் சொல்லி இழிவாகவே எழுதினார். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அதைப் பாட்டும் கேலிச்சித்திரமும் ஆக்கின. ஜெஃபர்சன் பொதுவில் வாய் திறக்கவில்லை. 1804ஆம் ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வென்றார்.

இது ஏன் வதந்தியாகவே உலவியது? வர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்படி, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. தந்தை யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. ஜெஃபர்சனின் பண்ணைக் கணக்கிலும் சேலியின் பிள்ளைகளுக்குத் தந்தை பெயர் கிடையாது. சட்டம் எழுதாமல் விட்ட இடத்தை ஊர்வாய் நிரப்பியது. சேலியே அப்படிப் பிறந்தவர்தாம். ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவின் தந்தையே சேலிக்கும் தந்தை என்பதை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கின்றனர்.

1873இல் சேலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், ஒஹாயோ மாநிலப் பத்திரிகை ஒன்றில், “என் தந்தை ஜெஃபர்சன்” என்ற பொருள்படத் தம் கதையைச் சொன்னார். பக்கத்துப் பத்திரிகை அவரை ஏளனம் செய்தது. மறுபுறம், ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள், அவருடைய சகோதரி மக்களான கார் சகோதரர்கள் மீது பழியைப் போட்டனர். அதைப் பல அறிஞர்கள் நூறாண்டு காலம் நம்பினர். வெள்ளையர் குடும்பம் சொன்னால் சான்று, அடிமைக் குடும்பம் சொன்னால் கட்டுக்கதை! இந்தத் தராசின் கோணலை 1997இல் சட்டப் பேராசிரியர் அன்னெட் கார்டன்-ரீட் தம் நூலில் எடுத்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு மரபணுச் சோதனை நடந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆண்வழியில் செல்லும் ஒய் குரோமோசோமைப் பார்ப்பதே அதன் முறை. ஜெஃபர்சனுக்கு மனைவிவழி ஆண்வாரிசு இல்லாததால், அவருடைய சிற்றப்பன் அல்லது பெரியப்பன் வழியினரிடம் மாதிரி எடுத்தார்கள். சேலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றலோடு அது பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை.

உடனே ‘ஜெஃபர்சனே தந்தை’ என்று தலைப்புகள் முழங்கின. இதிலும் பத்திரிகைகள் ஒரு படி தாண்டிவிட்டன. சோதனை சொன்னது, ஜெஃபர்சன் வம்சத்து ஆண் ஒருவர் என்பதை மட்டுமே. அவருக்கு ராண்டால்ஃப் என்ற தம்பியும் இருந்தார். ஆயினும் சேலி கருவுற்ற காலங்களில் எல்லாம் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோ மாளிகையில் இருந்திருக்கிறார். சேலியின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளான நால்வருக்கும் விடுதலை கிடைத்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தே, அம்மாளிகையை நடத்தும் அறநிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஜெஃபர்சனே தந்தையாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

எஸ்டன் 1852இல் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்ற குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தார். இனத்தை மறைக்கவேண்டி, பின்வந்தவர்கள் தாங்கள் அதிபரின் உறவினர் ஒருவர் வழியினர் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மேடிசனின் வழியினரோ கறுப்பர்களாக இருந்து, உண்மையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1998இல் சோதனைக்கு இரத்தம் கொடுத்தது, கதையை மறைத்த எஸ்டனின் கிளைதான்.