சராசரியை நம்பினால் கண்மாய் நிறையாது

வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது சுமார் 440 மில்லிமீட்டர். 2015இல் அதைவிட 53 விழுக்காடு கூடுதலாகக் கொட்டியது, சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த ஏப்ரலில், வைகை அணையில் மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். மதுரை குடிநீருக்கு நம்பியிருக்கும் அணை அது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சராசரி எடுத்தால், வழக்கத்தைவிட 4.5 விழுக்காடுதான் குறைவு. 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறை அதை ‘இயல்பான மழை’ என்றே வகைப்படுத்துகிறது. ஒரு வெள்ளமும் ஒரு வறட்சியும் சேர்ந்து தாளில் இயல்பாகிவிடுகின்றன!

சராசரி மறைப்பதை வெளியே கொண்டுவரத்தான் சிதறல் அளவைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இவை உண்டு. எளியது வீச்சு: உச்சத்திலிருந்து அடிமட்டத்தைக் கழிப்பது. நம் இரண்டு ஆண்டுகளுக்கு அது 115. ஆனால் வீச்சு இரு முனைகளை மட்டுமே பார்க்கும்; இடையில் உள்ள ஆண்டுகள் எப்படியிருந்தன என்று சொல்லாது.

அதற்குத் திட்ட விலக்கம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறோம். கூடுதலையும் குறைவையும் அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் வரும். அதனால் விலகல்களை வர்க்கமாக்கி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுக்கிறோம். 2015, 2016 இரண்டுக்கும் கிடைப்பது 57.5. சராசரி 4.5 குறைவு, விலகலோ 57.5 என்று இரண்டையும் அருகருகே வைத்தால்தான் நடந்தது என்ன என்று புரியும்.

நீண்ட காலக் கணக்கிலும் இதே கதைதான். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழைக்கு அது சுமார் 10 விழுக்காடு; நம் வடகிழக்குப் பருவத்துக்குச் சுமார் 25. பெரிய நிலப்பரப்புக்குச் சராசரி எடுக்கும்போது ஏற்ற இறக்கம் ஓரளவு தணிந்துபோகும் என்பது உண்மை. ஆனால் இங்கே வேறொரு காரணமும் உண்டு: வங்கக் கடலில் உருவாகும் ஒருசில தாழ்வு மண்டலங்களும் புயல்களும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதில்தான் நம் பருவத்தின் பெரும்பகுதி இருக்கிறது. மழை மணி வடிவப் பரவலை ஒட்டி அமைந்தால், ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கால் பங்குக்கு மேல் கூடும் அல்லது குறையும். மானாவாரிக்காரருக்கு இது அரிதாக வரும் விபத்தல்ல. எதிர்பார்த்தே ஆகவேண்டிய செலவு.

மதுரைச் சமவெளியின் நீர் அமைப்பே இதை எதிர்கொள்ளப் பிறந்தது. மாடக்குளம், வண்டியூர் போன்ற கண்மாய்கள் பெய்யும்போது பிடித்துவைத்து, பெய்யாதபோது மடை திறப்பதற்கானவை. ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். 1895இல் முடிந்த பெரியாறு அணையும், 1959இல் திறக்கப்பட்ட, 71 அடி வரை நீர் தேக்கும் வைகை அணையும் அதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன. சராசரி மழை ஆண்டுதோறும் தவறாமல் வந்தால் இவ்வளவு கொள்ளளவே தேவைப்படாது.

கண்மாயில் ஓரடி வண்டல் படிவதும், வரத்துக்கால் அடைபடுவதும் ஆண்டுச் சராசரியில் தெரியாது. 2016 போன்ற ஓர் ஆண்டில்தான் தெரியும். அப்போது தூர்வாரிப் பயனில்லை. எனவே மழைக் கணக்கு வெளியிடும்போதெல்லாம் சராசரியோடு திட்ட விலக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீடும், குடிநீர்த் திட்டமும், கண்மாய்ப் பராமரிப்புக்கான ஒதுக்கீடும் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்தே முடிவாக வேண்டும். விவசாயி கடனாளியாவது சராசரியான ஆண்டில் அல்ல, விலகிய ஆண்டில்தான்.