தாய்லாந்து வகுப்பறையில் கற்ற ஒரு சொல்

தென் தாய்லாந்தில், ஹட்யாய் நகரத்துப் பாடசாலை ஒன்றில் இரண்டு வருடங்கள் ஆங்கிலம் கற்பித்தேன். சென்ற முதல் வாரத்திலேயே நான் மனனம் செய்துகொண்ட வசனம் ‘காவ் ஜை மை?’ என்பதாகும். ‘விளங்கியதா?’ என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘காவ்’ என்பது நுழைதல், ‘ஜை’ என்பது உள்ளம். பாடம் உள்ளத்துக்குள் நுழைந்ததா என்றுதான் அங்கே ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

இந்த ‘ஜை’ அவர்களுடைய பேச்சில் எங்கும் வரும். நல்ல உள்ளம் ‘ஜை டீ’, அதாவது அன்பானவர். குளிர்ந்த உள்ளம் ‘ஜை யென்’, பதறாதவர். சூடான உள்ளம் ‘ஜை ரோன்’, அவசரக்காரர். தண்ணீரையும் உள்ளத்தையும் சேர்த்து ‘நம் ஜை’ என்றால் கேளாமலே உதவும் தாராளம். சூடான உள்ளத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஒருநாள் நான் மேசையில் தட்டிச் சத்தம் போட்டேன். பிள்ளைகள் பயப்படவில்லை, எனக்காக வெட்கப்பட்டார்கள்.

என்னிடம் இருந்தது நம் நாட்டுத் தரம் 8க்குச் சமமான வகுப்பு. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘காவ் ஜை மை?’ என்பேன். ‘காவ் ஜை கா’ என்று பெண்பிள்ளைகளும் ‘காவ் ஜை கிரப்’ என்று ஆண்பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்வார்கள். ‘கா’வும் ‘கிரப்’பும் பேச்சின் கடைசியில் சேரும் மரியாதைச் சொற்கள். நானும் மகிழ்ந்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஜூலை மாதத்துப் பரீட்சையில் பாதிக்கு மேற்பட்டோர் சித்தியடையவில்லை. முன்வரிசையில் இருந்து எல்லோரையும் விடப் பலமாகத் தலையாட்டும் பிள்ளையின் விடைத்தாள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. இத்தனை நாளும் என்னிடம் பொய் சொன்னார்களா என்று எனக்குக் கோபம். ஆசிரியர் அறையில் வயதான ஓர் ஆசிரியையிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு சொல்லைச் சொன்னார்: ‘கிரெங் ஜை.’

‘கிரெங்’ என்றால் அச்சம். அடுத்தவர் உள்ளத்துக்கு அஞ்சுதல் என்று வைத்துக்கொள்ளலாம். நம்முடைய ‘சங்கோசம்’ இதற்குக் கிட்ட வரும், ஆனால் முழுதாக ஒட்டாது. சங்கோசத்தில் என்னுடைய கூச்சமே பெரிது. கிரெங் ஜையில் என்னால் மற்றவருக்குச் சிரமமோ தலைகுனிவோ வந்துவிடக்கூடாது என்ற எண்ணமே பெரிது. ‘விளங்கவில்லை’ என்று பிள்ளை சொன்னால், நீங்கள் சரியாகக் கற்பிக்கவில்லை என்று நாற்பது பேர் முன்னால் சொன்னதாகிவிடும், அவர்கள் உங்களைக் காப்பாற்றினார்கள் என்று அந்த ஆசிரியை விளக்கினார். என் கேள்வி ‘காவ் ஜை’யைப் பற்றியது. வந்த பதிலோ ‘கிரெங் ஜை’யிலிருந்து வந்தது.

அதன் பிறகு அந்தச் சொல்லை எங்கும் கண்டேன். அயல்வீட்டுப் பெண் மழையில் நனைந்தே வீடு போவாள், என்னிடம் குடை கேட்கமாட்டாள். அமர்ந்திருக்கும் பெரியவர் முன்னால் நடக்க நேர்ந்தால் இளையவர்கள் உடலைக் குனித்து, தலையைத் தாழ்த்திக் கடப்பார்கள். மேலதிகாரியின் பிழையைக் கூட்டத்தில் ஒருவரும் திருத்தமாட்டார்கள். இது பண்பா, தடையா என்று என்னால் இன்றும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. பண்பு என்று நினைக்கும்போது அந்த வெறுமையான விடைத்தாள் கண்முன் வரும்.

வகுப்பில் நான் கேட்பதை நிறுத்தினேன். பெயர் எழுதாத சிறு துண்டுகளில் விளங்காததை எழுதித் தரச் சொன்னேன். இரண்டு வாரம் துண்டுகள் வெறுமையாகவே வந்தன. மூன்றாம் வாரம் ஒன்றில் இருந்தது: ‘டீச்சர் வேகமாகக் கதைக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.’

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கும் உரிமையில்லை. அதே வருடம் ஜூன் மாதத்தில் ‘வை குரூ’ நாள் வந்தது. ‘குரூ’ நம்முடைய குருவேதான். ‘வை’ என்பது கைகூப்பி வணங்குதல். அதை வழமையாக ஒரு வியாழக்கிழமையில் நடத்துவார்கள், வியாழன் அங்கேயும் குருவின் நாள். பிள்ளைகள் பூத்தட்டு அலங்கரித்துக் கொண்டு வருவார்கள். அறிவு வேகமாகப் படர அறுகம்புல், புத்தி கூர்மையாக வெட்சி மொட்டு, பணிவுக்குத் தலைகவிழ்ந்த கத்தரிப்பூ. பின்பு ஆசிரியர் முன்னால் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் படத் தாழ்வார்கள்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். ஸுஜூது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. ஒரு பிள்ளை என் காலடியில் நெற்றி வைப்பதை நான் எப்படி ஏற்பது? அந்தப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியை நான் ஒருத்திதான். அதிபரிடம் சொன்னால் அவர்களுடைய மரியாதையை அவமதித்ததாகுமோ என்று பயந்து, தலைவலி என்று லீவு போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை போனபோது என் மேசையில் வாடிய பூத்தட்டு ஒன்று இருந்தது. அப்போது அதற்குப் பெயர் எனக்குத் தெரியாது. ஜூலையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பூத்தட்டுத்தான்.

அடுத்த வருடம் ஒரு வாரம் முன்னதாகவே அதிபர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தலைவலி பொய் என்பதையும் சேர்த்து. அவர் ஆச்சரியப்படவே இல்லை. எங்கள் முஸ்லிம் பிள்ளைகளும் நெற்றி வைப்பதில்லை, ஸலாம் சொல்லிப் பூவை மட்டும் கொடுப்பார்கள், உங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் அப்படியே செய்யட்டும் என்றார். பிறகு கேட்டார்:

“போன வருடமே சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“கிரெங் ஜை கா” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தது வெளியே வராந்தாவில் நின்ற பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும்.