புராஸ்டேட் சிகிச்சைக்குப் பின் தாம்பத்தியம்

மூத்திரப்பைக்கு அடியில், மூத்திரக்குழாயைச் சூழ்ந்து அமைந்துள்ள புராஸ்டேட் என்னும் சிறு சுரப்பியில் புற்றுநோய் கண்டால் அதை முழுமையாக அகற்றிவிடும் சஸ்திர சிகிச்சையை, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1904ஆம் ஆண்டிலேயே ஹியூ ஹாம்ப்டன் யங் செய்து காட்டினார் எனினும், அதன்பின் ஏறக்குறைய எண்பது வருஷ காலம், அச்சிகிச்சையால் உயிர் பிழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்குறியின் விறைப்புச் சக்தியை இழந்தே வீடு திரும்பினர். விறைப்புக்குரிய நரம்புகள் எவ்வழியே செல்கின்றன என்பதே தெளிவாகத் தெரியாதிருந்தது. 1981இல் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில், ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் டாங்கரும் அமெரிக்கரான பாட்ரிக் வால்ஷும், இறந்தே பிறந்த ஒரு சிசுவின் உடலை ஆராய்ந்து, அந்நரம்புகள் சுரப்பிக்குள் புகாமல் அதன் வெளிப்புறத்தை ஒட்டியே ஓடுவதைக் கண்டனர். மறு வருஷமே வால்ஷ் அவற்றைக் காத்துச் சிகிச்சை செய்யலானார். நோய் அந்நரம்புகளைத் தொட்டிருந்தால் அவற்றையும் நீக்கத்தான் வேண்டும்.

காக்கப்பட்ட நரம்புகளுங்கூடக் கத்தியின் அருகாமையில் அதிர்ச்சியுற்று அயர்ந்துவிடுவதால், பழைய நிலை திரும்பப் பல மாதங்களும், சிலருக்கு இரண்டு வருஷங்கள் வரையிலும் ஆகலாம். வயது, நீரிழிவு, சிகிச்சைக்கு முன்பிருந்த சக்தி ஆகியவற்றைப் பொறுத்து அது முற்றும் திரும்பாமலும் போகலாம். ஆனால் ஸ்பரிச உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு வேறாகையால், விறைப்பு இல்லாத நாளிலும் இன்பத்தின் உச்சம் சாத்தியமே என்பதைப் பலர் அறிவதில்லை. விந்து மாத்திரம் வெளிப்படாது. ஆகவே பிள்ளைப்பேற்றை நாடுவோர் முன்கூட்டியே விந்தணுக்களைச் சேமித்து வைப்பது அவசியம். விறைப்பை மீட்க மாத்திரை, வெற்றிடப் பம்பு, ஊசி, இவை யாவும் பயன்படாதபோது உள்ளே பொருத்தும் செயற்கைச் சாதனம் என வழிகள் பல உண்டு. நெஞ்சுவலிக்கென நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை உபயோகிப்போர் விறைப்புக்கான சில்டெனாபில் போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும்.

சிறுநீர் வடியப் பொருத்தியிருக்கும் கதீட்டர் என்னும் குழாயை ஓரிரு வாரங்களில் எடுத்தபின், இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் சொட்டுவது ஆரம்பத்தில் சகஜம். பெரும்பாலோர்க்கு அது மாதங்களில் குறைந்துவிடும். அதற்கு உதவும் இடுப்படித் தசைப் பயிற்சி, அர்னால்டு கெகல் என்னும் அமெரிக்க வைத்தியர் பிரசவித்த பெண்களுக்கென 1948இல் வகுத்துக் கூறியது. ஆண்கள் இவ்விஷயத்தில் தாய்மாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்! கதீட்டர் உள்ளபோது மட்டும் அப்பயிற்சியைச் செய்யலாகாது.

வயோதிகத்தில் வீங்கிய சுரப்பியை உட்புறமாகச் சுரண்டி எடுக்கும் சாதாரண சிகிச்சையை, புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றும் இச்சிகிச்சையோடு குழப்பி அஞ்சவேண்டாம்; அதில் விறைப்பு பொதுவாகக் கெடுவதில்லை, விந்து மட்டும் மூத்திரப்பைக்குள் திரும்பிச் சென்று பின்னர் சிறுநீரோடு வெளியேறும், அதனால் தீங்கு ஒன்றுமில்லை. தமக்குச் செய்யப்போவது எந்தச் சிகிச்சை, நரம்புகளைக் காக்க இயலுமா என்பதை, கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, மனைவியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.